திருப்ப வேண்டிய பக்கம்

உத்தமபாளையம்
9 ஜூன் 2024

அன்புள்ள மகிமா,

இந்த 'அன்புள்ள' பழக்கத்தில் வந்தது, பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. போனில் பேசினால் கத்திவிடுவேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

நம் 'சாயங்கால ஜீப்' படக்கதைப் புத்தகத்தின் அச்சுப் புரூஃப் நேற்று வந்தது. உனக்குக் கதை மறந்துவிட்டது போலிருக்கிறது, ஞாபகப்படுத்துகிறேன். கூடலூர் முக்கில் ஒரு சிறுமி நிற்கிறாள். ஏலத்தோட்ட வேலைக்குப் போன பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளியிலிருந்து ஜீப்புகள் இறங்குகின்றன. எதிலும் அவள் அம்மா இல்லை. கடைசி ஜீப் வருகிறது. 'இதிலாவது அம்மா இருக்கிறாளா?' அதோடு வலது பக்கம் முடிய வேண்டும். பக்கத்தைத் திருப்பினால்தான் அம்மா இறங்குவாள். புத்தகம் முழுவதும் அந்த ஒரு திருப்பலுக்காகத்தான் எழுதினேன்.

நீ கேள்வியை இடது பக்கத்திலும் அம்மாவை வலது பக்கத்திலும் போட்டிருக்கிறாய். கேட்டு வாயை மூடுவதற்குள் எதிரே அம்மா பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அப்புறம் எந்தப் பிள்ளை பக்கத்தைத் திருப்பும்?

எடிட்டர் ஜெபராஜ் சாரிடம் சண்டைக்குப் போனால், "மகிமா மேடம்தான் மாத்தச் சொன்னாங்க, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நான் எப்படி எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். தாளை மடித்துத் தைத்து டம்மிப் புத்தகம் செய்து, அங்கன்வாடியில் வாசித்து, பிள்ளைகளின் கண் எந்த வரியில் வெளியே போகிறதோ அந்த வரியை அடித்துவிடுவேன். இத்தனூண்டு புத்தகத்துக்கா இத்தனை நாள் என்று என் மாமியார் கேட்பார். இனி நீயும் கேட்கலாம்.

நீ வரைந்த அம்மாவுக்குச் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் தாள், விரலில் ஏலக்காய்க் கறை. எல்லாம் அச்சு அசல். இவ்வளவு தெரிந்தவள் இதைச் செய்தாளே என்றுதான் வயிறு எரிகிறது.

யுவராணி

*

சென்னை
14 ஜூன் 2024

யுவா,

எனக்குப் பழக்கத்தில் எதுவும் வரவில்லை.

பக்கம் திருப்புவதைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே. ஒரு படத்துக்கு ஒரு முழப் பேச்சு எழுதிக்கொண்டு வந்த உன்னை வெட்டச் சொல்லி உட்கார வைத்தவள் நான். ஆமாம், மாற்றச் சொன்னதும் நான்தான். உன்னிடம் கேட்கவில்லை. இந்தக் கதையை எழுதும்முன் நீ என்னிடம் கேட்டாயா?

நாலாம் வகுப்பில் படிக்கும்போது அந்த முக்கில் நின்றது நீ மட்டுமில்லை. நானும் நின்றேன். உன் அம்மா ஜீப்பிலிருந்து இறங்கினார். நீ ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாய். அவர் என் கன்னத்தைத் தொட்டு, "அழுகாத ஆத்தா, உங்க அம்மா அடுத்த ஜீப்புல வருவாக" என்றார். அந்த ஜீப் மலைப்பாதையில் உருண்டு கிடந்தது அவருக்கும் தெரியாது. அவரை நான் குறை சொல்லவில்லை. உன் கதையில் அம்மா வருகிற ஜீப்தான் கடைசி ஜீப். எனக்கு அதற்குப் பிறகும் ஒன்று இருந்தது.

அந்தப் பிள்ளையைத் தனியாக நிறுத்தி, சாலையை வெறுமையாக விட்டு வரையச் சொல்கிறாய். வரைந்து வரைந்து கிழித்தேன். அம்மாவை எதிர்ப் பக்கத்தில் வைத்த பிறகுதான் கை ஓடியது. நான் வரைகிற பிள்ளை ஒரு நொடிகூடக் காத்து நிற்கக் கூடாது. உனக்கு அந்தப் பக்கம் திரும்பியது, அம்மா இறங்கினார். அதனால்தான் காத்து நிற்பது உனக்கு விளையாட்டாகத் தெரிகிறது.

மகிமா

*

உத்தமபாளையம்
20 ஜூன் 2024

மகிமா,

விளையாட்டு என்று எழுதியிருக்கிறாய். அதை வாசித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் அம்மா திரும்பி வந்ததற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நான் எழுதியது என் அம்மாவை. உனக்குத் தெரியாமலும் எழுதவில்லை. முதல் வரைவையே உனக்குத்தான் அனுப்பினேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். நீ வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் போனாய்.

உன் அமைப்பில் ஒன்று, என் அமைப்பில் ஒன்று என இரண்டு டம்மி செய்து எடுத்துக்கொண்டு போனேன். உன்னுடையதை இங்கே எங்கள் தெரு அங்கன்வாடியில் வாசித்தேன். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள், அடுத்த கதை என்றார்கள். என்னுடையதைக் கூடலூரில் வாசித்தேன். அங்கே ஜோதிகா என்று ஒரு குட்டி. அவள் அம்மாவும் ஜீப்பில் போகிறவள்தான். கேள்வியை வாசித்துவிட்டு நான் பக்கத்தில் கை வைத்ததும் தட்டிவிட்டாள். "நீங்க திருப்பாதீக. நாந்தேன் திருப்புவேன்" என்றாள். ஆனால் உடனே திருப்பவில்லை. தாளின் முனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மற்ற பிள்ளைகளெல்லாம் கத்துகிறார்கள், அவள் அசையவில்லை. தனக்குத் தோன்றியபோது திருப்பினாள்.

அவளைக் காக்க வைக்க நான் யார்? அந்தத் திருப்பல் அவள் கையில் இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு அம்மாவைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்த நீ யார்?

பழையபடி மாற்று. முடியாதென்றால் கதையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஜெபராஜ் சாரிடமும் சொல்லிவிட்டேன்.

யுவராணி

*

சென்னை
2 ஜூலை 2024

யுவா,

மாற்றிவிட்டேன். உன் மிரட்டலுக்காக இல்லை. தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அவளுக்காக.

கேள்வி வலது பக்கம் போய்விட்டது. சாலையில் ஜீப்பின் விளக்கு மட்டும் தெரிகிறது. திருப்பினால் உன் அம்மா. சட்டை, பிளாஸ்டிக் தாள், கறை எல்லாம் அப்படியே இருக்கிறது.

ஆனால் முக்கில் இப்போது இரண்டு சிறுமிகள் நிற்கிறார்கள். முதல் பக்கத்திலிருந்தே நிற்கிறார்கள். பக்கத்தைத் திருப்பியதும் ஒருத்தி ஓடுகிறாள். இன்னொருத்தி சாலையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நிற்கிறாள். உன் கதையில் அவள் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளை எடுக்கச் சொன்னால் நான் எல்லாப் படத்தையும் எடுத்துக்கொள்வேன். ஜெபராஜ் சாரிடம் நானும் சொல்லிவிட்டேன்.

அவளுக்காக ஒரு வரிகூட எழுதாதே. உன் எழுத்து இருக்கிறபடியே இருக்கட்டும்.

புத்தகம் வந்ததும் நீ ஊர் ஊராகப் போய் வாசிப்பாய். ஏதாவது ஒரு பிள்ளை அவள்மேல் விரலை வைத்து, இவ அம்மா எங்க என்று கேட்கும். நான் அங்கே இருக்க மாட்டேன். நீதான் பதில் சொல்ல வேண்டும். என்ன வேண்டுமானாலும் சொல். அடுத்த ஜீப்பில் வருவாக என்று மட்டும் சொல்லாதே.

மகிமா