ஒரு கேபினுக்கு இரண்டு மூக்கு

பிப்ரவரி 18

அத்தானுக்கு,

நலம் விசாரிப்பதற்காக எழுதவில்லை, எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஃபோன் எண்ணை நான் தடுத்து வைத்திருக்கிறேன். அக்காவிடம் வாயால் சொல்லி அனுப்பினால் உங்களிடம் வந்து சேர்வதற்குள் பாதி மாறிவிடும். அதனால் எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன். அக்கா, வழியில் பிரித்துப் படிக்காதே.

ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் அம்மா நம் நான்கு பேருக்கும் கப்பலில் இடம் போட்டிருக்கிறாள். மார்ச் 15 புறப்பாடு. அம்மாவும் அக்காவும் ஒரு கேபின். நீங்களும் நானும் ஒரு கேபின். தற்செயலாக அப்படி அமைந்துவிட்டது என்கிறாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் உட்கார்ந்து, பரீட்சை அறையில் யார் பக்கத்தில் யார் என்று காலமெல்லாம் திட்டம் போட்டவள் எதையும் தற்செயலாகச் செய்யமாட்டாள்.

கப்பல் கம்பெனியின் சுகாதார விதிகளைப் படித்தேன். நீங்கள் படித்திருக்கமாட்டீர்கள். சோஃபாவோடு வரும் கையேட்டையே படிக்காமல் சோஃபா விற்பவர்.

புறப்படுவதற்கு முந்தைய இரண்டு நாளுக்குள் கொரோனா டெஸ்ட் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தது செல்லாது. வீட்டில் நாமே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்துக்கொள்வதும் செல்லாது. பரிசோதனை நிலையத்தில், அவர்கள் கண்முன்னால்தான் எடுக்க வேண்டும். ஒரு தடவை பாசிட்டிவ் வந்தால் வந்ததுதான். வேறு இடத்துக்கு ஓடிப்போய் நெகட்டிவ் வாங்கிக்கொண்டு வந்தாலும் ஏற்றமாட்டார்கள். உங்கள் விற்பனைப் பேச்சு இதில் எடுபடாது.

எல்லாவற்றையும்விட மோசமான விதி இது: கேபினில் ஒருவருக்கு பாசிட்டிவ் என்றால் கூட இருப்பவரும் கப்பலேற முடியாது. அதாவது உங்கள் மூக்கு என்னையும் சேர்த்து மூழ்கடிக்கும். நாம் இருவரும் ஏறவில்லை என்றால் அம்மாவும் ஏறமாட்டாள்.

ஆகவே இன்றிலிருந்து மாஸ்க் போடுங்கள். கூட்டத்துக்குப் போகாதீர்கள். வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து சோஃபாவில் குதித்துக் காட்டுவதை நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் தம்பி

---

பிப்ரவரி 21

மேன்மை பொருந்திய மைத்துனர் அவர்களுக்கு,

தாங்கள் போட்ட உத்தரவு வந்து சேர்ந்தது. தங்கள் அக்கா வழியிலேயே பிரித்துப் படித்துவிட்டாள். பரீட்சை அறை பற்றிய பகுதியை மட்டும் தங்கள் தாயாருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். தாயார் மறுக்கவில்லை.

உத்தரவுப்படி நேற்று மாஸ்க், கண்ணாடி, கையுறை சகிதம் கடை வாசலில் நின்றேன். ஒரு பெண்மணி மெத்தையை அழுத்திப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "டாக்டர், இது முதுகுவலிக்கு நல்லதுங்களா?" என்று கேட்டார். நல்லது என்றேன். டாக்டரே சொல்லிவிட்டார் என்று இரண்டாக வாங்கிக்கொண்டு போனார். முதலாளி இனிமேல் தினமும் இதே வேஷத்தில் வரச் சொல்லியிருக்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம். தங்கள் தாயார் ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து நிலையத்து டீக்கடையில் மகனைப் பார்த்துவிட்டு வருகிறார். அன்றைக்கெல்லாம் வீட்டில் யாருடனும் பேசுவதில்லை. கேட்டால் டீ சரியில்லை என்கிறார். இரண்டு வருஷமாகவா ஒரு கடையில் டீ சரியில்லாமல் இருக்கும்? கருவிகளைச் சோதிப்பவர் தாங்கள்தான் விளக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அக்காவைக் கட்டிக்கொண்ட குற்றவாளி

---

மார்ச் 1

அத்தானுக்கு,

அக்காவை நம்ப முடியாது என்பதால் தபாலில், உங்கள் கடை முகவரிக்கு அனுப்புகிறேன்.

டீ நன்றாகத்தான் இருக்கிறது. நான் ஏன் உங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்று தெரியாதவர் போல எழுதாதீர்கள். புது வீட்டு விருந்துக்குக் கூப்பிட்டீர்கள். வந்த இடத்தில், குளியலறை வாட்டர் ஹீட்டருக்கு எர்த் கம்பியே இல்லை என்று கண்டுபிடித்தேன். உடனே மெயினை அணைத்தேன். வீடு இருட்டானது உண்மை. உங்கள் முதலாளி கையில் தட்டோடு தடுமாறியதும் உண்மை. அதற்கு எல்லார் முன்னாலும் நீங்கள் கேட்டது இது: "இந்த மெக்கானிக்க யாருய்யா சாப்பிடக் கூப்பிட்டது?" நான் சாப்பிடாமல் கிளம்பினேன். முதலாளி வந்திருக்கிறார் என்று மின்சாரம் மரியாதை பார்க்காது. அன்றைக்குச் சொன்னதுதான், இன்றைக்கும் சொல்கிறேன்.

இனி வேலை. டெஸ்டை எங்கே எடுப்பது என்று முடிவு செய்ய மூன்று நிலையங்களுக்கு நேரில் போனேன். தராசும் வெப்பமானியும் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பது என் பிழைப்பு. சோதிக்காத கருவியை என்னால் நம்ப முடியாது. முதல் நிலையத்தில், டெஸ்ட் கிட் வைத்திருக்கும் குளிர்பெட்டியின் வெப்பமானியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். வரிசையில் வரச் சொன்னார்கள். நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர் இருமிக்கொண்டிருந்தார், பின்னால் இருவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணுக்குக் கேள்வி புரியவில்லை, மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத் திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாவது இடத்திலும் இதே கதை. மூன்றாவது இடத்தில் பதில் திருப்தியாக இல்லை. மறுபடி போவேன்.

கடைசியாக ஒன்று. கேபினை மாற்றிக்கொண்டுவிட்டேன். எனக்குத் தனி அறை, எஞ்சினை ஒட்டி, ஜன்னல் கிடையாது. உங்கள் மூக்கை நம்பி நான் கப்பலேற முடியாது. அம்மாவிடம் சொல்லாதீர்கள். ஏறிய பிறகு தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
மேற்படி மெக்கானிக்

---

மார்ச் 5

மச்சானுக்கு,

கடைக்குத் தபால் வந்ததும் வரி நோட்டீஸ் என்று முதலாளிக்கு வியர்த்துவிட்டது. எஞ்சின் பக்கத்தில் இடம் கிடைத்ததில் சந்தோஷம். உன்னோடு பேச ஒரு மெஷினாவது இருக்கும்.

விதிகளில் நாலாம் பக்கத்தைப் பார். சமீபத்தில் கொரோனா வந்து குணமானவர்கள் டெஸ்ட் எடுக்க வேண்டாம். டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதம் போதும். குணமான பிறகும் கொஞ்ச நாளைக்கு டெஸ்டில் பாசிட்டிவ் காட்டிக்கொண்டே இருக்குமாம். எனக்கு ஜனவரியில் வந்து போயிற்று. என் மூக்கை யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அந்தக் கேபினைக் கவிழ்க்கக்கூடிய ஒரே மூக்கு உன்னுடையதுதான்.

முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்பாய். நீ எங்கே கேட்டாய்? உத்தரவுதானே போட்டாய். அதோடு மெத்தையும் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது.

ஜனவரியில் உன் அம்மாவும் அக்காவும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தார்கள். சாதாரணக் காய்ச்சல், இப்போது வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் நான் மட்டும். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிஜன் கருவி ஒன்று இருந்தது. ஒரு சாயங்காலம் அது எண்பத்தெட்டு காட்டியது. ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா, கருவிதான் பொய் சொல்கிறதா, ஒன்றும் புரியவில்லை. அதைக் கேட்பதற்கு எனக்குத் தெரிந்த ஆள் ஒருத்தன்தான். மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் ஒரே மணியோடு நின்றுவிட்டது. நீ என் எண்ணைத் தடுத்து வைத்திருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய கருவியை ஜன்னல் வழியாக நீட்டினார். அதில் தொண்ணூற்றாறு. பிழைத்தேன்.

குற்றமாகச் சொல்லவில்லை. நாலாம் பக்கத்தைப் பற்றி எழுதும்போது கூடவே வந்துவிட்டது.

கேபின் மாறிய விஷயத்தை உன் அம்மாவிடம் சொல்லமாட்டேன். சொல்கிற தைரியமும் இல்லை.

அத்தான்

---

மார்ச் 9

அத்தானுக்கு,

டாக்டர் கடிதத்தில் குணமான தேதி, டாக்டரின் பதிவு எண், முத்திரை மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் படியிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் கருவியைப் பற்றி எழுத ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன். மறுபடி எழுதினேன், அதுவும் சரியாக வரவில்லை.

மூன்றாவது நிலையத்துக்கு இன்று மறுபடி போனேன். மத்தியானம் முழுக்க வரிசை. குளிர்பெட்டி பரவாயில்லை. 13ஆம் தேதி காலையில் அம்மாவையும் அக்காவையும் அங்கே கூட்டிப்போங்கள். நான் மத்தியானம் தனியாகப் போகிறேன். அதுவரை நாம் யாரும் நேரில் சந்திக்கக் கூடாது. இந்த ஞாயிறு டீயும் கிடையாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

தம்பி

---

மார்ச் 13, மாலை

அத்தானுக்கு,

இதைப் படம் பிடித்து அக்காவின் ஃபோனுக்கு அனுப்புகிறேன். அவளிடம் பேசினேன், ஆனால் அவள் அழுத அழுகையில் விவரம் உங்களிடம் வந்திருக்காது.

எனக்கு பாசிட்டிவ் என்கிறார்கள். அந்த இரண்டாவது கோட்டைக் கோடு என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த அறையில் வெளிச்சம் போதாது. நாளைக் காலை வேறு இடத்தில் இன்னொரு டெஸ்ட் எடுத்துக் கப்பல் கம்பெனியிடம் காட்டி வாதாடப்போகிறேன். காய்ச்சல் நூற்றொன்று. வெப்பமானி நானே சரிபார்த்தது, அதனால் அதை மட்டும் மறுக்க வழியில்லை.

ஆனால் அம்மா பெட்டியைப் பிரித்துவிட்டாளாம். கப்பலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், என் வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். வந்தால் அவளுக்கும் தொற்றும். இன்னொரு தடவை அவள் பணம் கட்டிக் கப்பலேறப் போவதுமில்லை. நான் தனிக் கேபின் என்பதால் உங்கள் மூவருக்கும் தடை ஒன்றுமில்லை. எப்படியாவது அவளை ஏற்றுங்கள். உங்களால் யாருக்கும் எதையும் விற்க முடியும். இதை விற்றுக் காட்டுங்கள்.

தம்பி

---

மார்ச் 15

டேய் மச்சான்,

கதவுக்கடியில் காகிதம் வருகிறதே என்று பயப்படாதே. வீட்டுக்காரரிடம் சாவி வாங்கி உள்ளே வந்துவிட்டேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். இப்போது உன் கூடத்தில், உன் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒரு நாற்காலியை என் கடையில் விற்றால் என்னை அடிப்பார்கள்.

முதலில் இதைப் படி. "ஒரு தடவை பாசிட்டிவ் வந்தால் வந்ததுதான். வேறு இடத்துக்கு ஓடிப்போய் நெகட்டிவ் வாங்கிக்கொண்டு வந்தாலும் ஏற்றமாட்டார்கள்." எழுதியது யார் என்று உனக்கே தெரியும். இன்னொரு டெஸ்ட் என்று எழுந்திருக்காதே.

எங்கே பிடித்திருக்கும் என்று யோசிக்கிறாயா? நான் கடையில் ஊருக்கே மெத்தை விற்றுக்கொண்டிருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. நீ இருமுகிறவர்கள் வரிசையில் போய்ப் போய் நின்று, குளிர்பெட்டிக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரித்தாய்.

உன் அம்மா கப்பலேறிவிட்டார். விற்றுவிட்டேன். கொஞ்சம் விலைதான் அதிகம். நேற்று முழுக்கப் பேசியும் அசையவில்லை. "அவனுக்கு யாரு சோறு போடுவா?" என்று மட்டும் கேட்டார். நான் போடுகிறேன் என்றேன். "நீங்களா?" என்றார். எனக்குத்தான் ஜனவரியில் கொரோனா வந்து போயிருக்கிறதே, வீட்டில் அவன் பக்கத்தில் போக லாயக்கான ஆள் நான்தான் என்றேன். அப்புறம் பிரித்த பெட்டியை மறுபடி அடுக்க ஆரம்பித்தார். கப்பல் படியில் கால் வைக்கும்போது திரும்பி, "ரெண்டு பேரும் சண்டை போட்டுக்காம சாப்பிடுங்க" என்றார். நடுவில் கதவு இருக்கிறது அத்தை, கவலைப்படாதீர்கள் என்றேன்.

அந்த எர்த் கம்பி. விருந்துக்கு மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து பார்த்தேன். நீ சொன்னது சரி, கம்பி இல்லை. அன்றைக்கே போட்டாயிற்று. உன் அக்கா இரண்டு வருஷமாக அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறாள். உன்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். முதலாளி முன்னால் இருட்டில் நின்றது மட்டும் மறக்கவில்லை, அதுதான்.

வெளியே ஸ்டூலில் தட்டு வைத்திருக்கிறேன். ரொட்டி, காய்கறி சூப். அன்றைக்கு யார் சாப்பிடக் கூப்பிட்டது என்று கேட்டேன். இன்றைக்கு நான் கூப்பிடுகிறேன். நான் சமையலறைப் பக்கம் நகர்ந்துகொள்கிறேன், கதவைத் திறந்து எடுத்துக்கொள். சூப் ஆறுது.

அத்தான்

---

மார்ச் 17

அத்தானுக்கு,

எண்பத்தெட்டு காட்டிய அன்று உங்கள் விரல் குளிர்ந்திருந்ததா? குளிர்ந்த விரலில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, வேறு விரலில் மாட்டி, அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் ஏறவில்லை என்றால் கருவியோடு வாதாடக் கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மூச்சு வாங்கினால் எண்ணையே பார்க்க வேண்டாம், உடனே போக வேண்டும். ஜனவரியில் சொல்லியிருக்க வேண்டிய பதில். ஒன்பதாம் தேதி எழுத வராதது இதுதான்.

கப்பலிலிருந்து படம் வந்தது. அக்கா எடுத்தது. முக்கால்வாசி கடல், ஓரத்தில் அம்மாவின் முழங்கை. முழங்கையைப் பார்த்தாலே சந்தோஷமாக இருக்கிறாள் என்று தெரிகிறது.

எஞ்சின் பக்கத்து அறை போனதில் எனக்கு நஷ்டமில்லை. கூடத்திலிருந்து வரும் உங்கள் குறட்டையைக் கதவு சாத்தியபடியே அளந்து பார்த்தேன். எண்ணைச் சொன்னால் வருத்தப்படுவீர்கள்.

அம்மா திரும்பி வந்ததும், நானும் தேறியிருந்தால், முதல் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறேன். ஹீட்டரைத் தொடமாட்டேன். பார்ப்பேன்.

சூப்பில் உப்பு இல்லை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை. காட்டமாக ஒரு கடிதம் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதுவதற்கு முன் சோதித்துவிடுவோம் என்று பற்பசையைப் பிதுக்கி நாக்கில் வைத்துப் பார்த்தேன். அதிலும் ஒன்றும் தெரியவில்லை. சூப்பில் குறையில்லை, கருவிதான் பழுது. இனி உப்பு சரியாக இருக்கிறதா என்று நீங்களே ருசி பார்த்துச் சொல்லிவிடுங்கள். இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் இருக்கிறது.

உங்கள் எண்ணைத் தடையிலிருந்து எடுத்துவிட்டேன். என் நாற்காலியில் உட்கார்ந்து நொந்த முதுகை வைத்துக்கொண்டு நீங்கள் குனிந்து குனிந்து காகிதம் தள்ள வேண்டாம். கூப்பிடுங்கள். முதல் மணியிலேயே எடுக்கிறேன்.

மச்சான்