சாப்பிடாமலே சொன்ன சாப்பாடு

என் ஹமீது நானாவுக்கு,

அங்கே என்ன சாப்பாடு என்று கேட்டுத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். நமக்குள் வேறு எப்படிப் பேச்சு ஆரம்பித்திருக்கிறது? அண்ணன் முறை வைத்து உங்களை நானா என்று கூப்பிட ஆரம்பித்த இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது என்னிடம் "சௌக்கியமா" என்று கேட்டிருக்கிறீர்களா? "என்னா சாப்பிட்டே?" இதுதான் உங்கள் முதல் கேள்வி. என் அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் வந்து நின்றபோதும் அதையே கேட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது. அன்று வந்தவர்களில் நான் பட்டினி கிடக்கிறேன் என்று யோசித்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

ஊர்ச் சேதி சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புதிதாக ஒரு பிரியாணிக் கடை வந்திருக்கிறது. வாசலில் ஆள் உயரத்துக்குக் கோழி பொம்மை, அதன் தலையில் கூலிங் கிளாஸ். நீங்கள் இருந்திருந்தால் பொம்மைக்கு சலாம் வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருப்பீர்கள். நமது பரோட்டாக்காரர் சால்னாவில் தேங்காயைக் குறைத்துவிட்டாராம், ஆபீசில் பேசிக்கொண்டார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. தலத்தெருவில் ரோசம்மா இன்னும் வீட்டு முன்னறையில் நாலு மேசை போட்டு மெஸ் நடத்திக்கொண்டுதான் இருக்கிறாள். அங்கேயும் நான் போகவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எப்படிச் சுற்றினோம் நானா! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் கோயிலை விட்டு வெளியே வந்தால், தெருமுனையில் உங்கள் ஸ்கூட்டர் உறுமிக்கொண்டிருக்கும். "உங்க சாமியார் இன்னிக்கி ரொம்ப இழுத்துட்டாருப்பா, அங்க இட்லி தீர்ந்திருக்கும்" என்று திட்டுவீர்கள். ஒருநாள் வரிச்சிக்குடியில் நடவு ஆட்களுக்கு வரப்பில் சோறு வந்து இறங்கியது. வண்டியை நிறுத்திவிட்டு, "ஆத்தா, அந்தக் கருவாட்டுத் தொக்குல ஒரு விரல் வைங்களேன்" என்று கையை நீட்டிவிட்டீர்கள். எனக்கு மானமே போயிற்று. அந்த அம்மாள் சிரித்துச் சிரித்து ஒரு கரண்டி வைத்தாள். நீங்கள் நக்கிப் பார்த்துவிட்டு, பூண்டை ஒரு தட்டு தட்டிப் போட்டிருக்கலாம் என்று அவளுக்கே யோசனை சொன்னீர்கள். வெட்கங்கெட்ட மனுஷன்.

கிறிஸ்துமசுக்கு எங்கள் வீட்டில் உங்களுக்கென்றே என் வீட்டுக்காரி ஸ்டெல்லா தனிச் சட்டி வைத்திருந்தாள். பன்றிக்கறி பக்கமே அந்தச் சட்டி போனதில்லை. கோழியை உங்கள் ஆளிடம் ஹலாலாக அறுத்து வாங்கி நீங்களே கொண்டுவந்துவிடுவீர்கள். கூடவே அடுப்படி வாசலில் நின்று, "மஞ்சள் போதும்மா, போதும்மா" என்று அவள் உயிரை எடுப்பீர்கள். போன கிறிஸ்துமசுக்கு அந்தச் சட்டியை அவள் பரணிலிருந்து இறக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.

அப்புறம் உங்கள் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு மூன்று தடவை ஊசியும் குழாயும். உப்பு கூடாது, தண்ணீர்கூட அளவுதான். உங்களுக்குப் போய் இப்படி ஒரு தண்டனையா என்று நான் மாதாவிடம் சண்டையே போட்டேன். நீங்கள்தான் சிரித்துக்கொண்டே ஒரு வழி சொன்னீர்கள். "எனக்குப் பதிலா நீ போய் சாப்பிட்டு வா சவரி. வந்து ஒண்ணு விடாம சொல்லு. காதால சாப்பிட்டுக்கறேன்."

முதல் சில வாரங்கள் உண்மையாகவே போனேன், சாப்பிட்டேன், வந்து சொன்னேன். நீங்கள் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள். எதைச் சொன்னாலும் நடுவில் நிறுத்தி, "உப்பு?" என்பீர்கள். "சரியா இருந்துச்சு நானா" என்றதும் உங்கள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். பிறகு என்னால் முடியவில்லை. ஒருநாள் ரோசம்மா கடையில் நமது வழக்கமான மேசையில் உட்கார்ந்தேன். இலை வந்தது, சோறு வந்தது, கை மட்டும் போகவில்லை. எதிர் நாற்காலியில் யாரோ ஒருத்தர் போனைப் பார்த்தபடி ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து, மதியம் சாப்பிடப் போகிறேன் என்று ஆபீசில் சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போய் உட்காருவேன். என்ன சொல்லலாம் என்று அங்கேயே சமைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வருவேன்.

"இன்னிக்கி ரோசம்மா கடை. கொடுவா மீன் கொழம்பு, மாங்கா போட்டிருந்தா."

"மாங்கா கரைஞ்சிடுச்சா, முழுசா நின்னுச்சா?"

"நின்னுச்சு நானா. கையால எடுத்தா மட்டும் கொழகொழன்னு வந்துச்சு."

"உப்பு?"

இப்படிப் பல நாள். சாகக் கிடக்கிற மனுஷனிடம், முகத்தைப் பார்த்து, ஒரு துளி கூசாமல் புளுகினேன். பேசி முடித்ததும் லாத்தா எனக்கென்று ஒரு தட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். உங்கள் மனைவியை நான் என்றைக்கும் அப்படித்தானே கூப்பிடுவேன். "இப்பத்தான் சாப்பிட்டேன் லாத்தா, வயித்துல எடமில்ல" என்று நகர்த்திவிடுவேன். வேறென்ன செய்ய? வயிறு முட்டச் சாப்பிட்டதாக ஒரு மணி நேரம் கதை சொன்னவன் எந்த வாயால் சாப்பிடுவது? குடல் கூவும். அது உங்கள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று சீக்கிரம் கிளம்பிவிடுவேன்.

ஐப்பசி மழையில் நீங்கள் போய்விட்டீர்கள். மூன்று பிடி மண் போட எனக்கும் இடம் விட்டார்கள். அதற்குப் பிறகு லாத்தா இத்தா இருந்தார்கள். நாலு மாதம் பத்து நாள், வெளி ஆண்கள் யாரும் பார்க்க முடியாது. உண்மையைச் சொல்கிறேன் நானா, அந்த முறை எனக்குச் சௌகரியமாக இருந்தது. உங்கள் வீட்டுப் படி ஏறும் தைரியம் எனக்கில்லை.

இந்த வருஷமும் உங்கள் நோன்பும் எங்கள் தவக்காலமும் சேர்ந்தே வந்திருக்கின்றன. இத்தா முடிந்த மறுநாளே லாத்தா ஆள் அனுப்பினார்கள், நோன்பு திறக்க வரவேண்டும் என்று. போனேன். நான் தவசு இருப்பேன் என்று, கறி போடாமல் எனக்கென்று தனியாகக் கஞ்சி காய்ச்சியிருந்தார்கள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டதும் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அவர்கிட்ட பொய் சொன்னேன் லாத்தா. நான் எங்கயும் சாப்பிடல."

லாத்தா கஞ்சிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்கள். பிறகு, "அவங்களுக்குத் தெரியும் தம்பி" என்றார்கள்.

நான் மாங்காய் போட்ட மீன் குழம்பைப் பற்றி அளந்துவிட்ட நாளில் ரோசம்மா கடையே போடவில்லையாம். காலையில் உங்களை வந்து பார்த்துவிட்டு மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். "சவரி ஏன் நம்ம கடைப்பக்கமே வர்றதில்ல?" என்று உங்களிடமே கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். லாத்தாதான் சொன்னார்கள்.

"நான் அப்பவே உங்ககிட்ட கேட்டுடலாம்னு பாத்தேன். வேணாம்னுட்டாங்க. கேட்டா அவனுக்கு அவமானமாயிடும், அப்புறம் இங்க வராமயே இருந்துடுவான்னாங்க. 'வெறும் வயித்தோட வந்து பேசிட்டுப் போறான், எதையாவது ஆக்கி வையி'ன்னாங்க. அவங்களுக்கு முடியாமப் போனதுலேர்ந்து நம்ம வீட்டு அடுப்புல உப்பே கெடையாது தம்பி, எனக்கும் சேத்துத்தான். உங்களுக்கு மட்டும் ஒரு சின்னச் சட்டியில உப்புப் போட்டு ஆக்குவேன். நீங்க வேணாம்னுட்டுப் போவீங்க. அப்படியே பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடுவேன்."

"தினமுமா லாத்தா?"

"தினமும்தான். அவங்களுக்குக் கதையெல்லாம் வேணாம் தம்பி. நீங்க எதிர்ல உக்காந்து சாப்பிடுறதப் பாக்கணும்னு இருந்துச்சு. கடைசி நாள்கூட, 'இன்னிக்காவது சாப்பிட்டானா'ன்னுதான் கேட்டாங்க."

நானா, நான் என்ன செய்துவிட்டேன்! நீங்கள் ஆசைப்பட்டது மீன் குழம்புமில்லை, பிரியாணியுமில்லை. நான் ஒரு வாய் எடுத்துப் போட்டிருந்தால் போதும். அந்தத் தட்டு என் முழங்கைக்குப் பக்கத்தில்தானே இருந்தது? எனக்கும் பசிதானே? உங்களுக்குச் சந்தோஷம் தருவதாக நினைத்துக்கொண்டு, உங்களால் பார்க்க முடிந்த ஒரே சாப்பாட்டைத் தினமும் நான்தான் தட்டிவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். பெரிய பாவமில்லை என்றார். அவருக்கு உங்களைத் தெரியாது.

முன்னால் இருந்த கஞ்சியில் ஆடை படிந்துகொண்டிருந்தது. "சாப்பிடுங்க தம்பி, ஆறிப்போவுது" என்றார்கள் லாத்தா. சாப்பிட்டேன். அழுதுகொண்டே வழித்துச் சாப்பிட்டேன். இரண்டாவது தடவை ஊற்றினார்கள், அதையும் குடித்தேன். லாத்தா எதிரே உட்கார்ந்து நான் முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதுவரை அவர்கள் தம் கஞ்சியைத் தொடவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. ஒன்றுமட்டும் வாக்குக் கொடுக்கிறேன் நானா. உங்கள் வீட்டில் இனி எப்போது தட்டு வைத்தாலும் உட்கார்ந்துவிடுவேன். நிஜமாகவே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாலும் உட்கார்ந்துவிடுவேன். இப்பத்தான் சாப்பிட்டேன் என்று லாத்தாவிடம் இனி ஒருநாளும் சொல்லமாட்டேன்.

பசியோடு வந்து பசியோடு திரும்பிப் போன
உங்கள் தம்பி,
சவரி