மழையில் ஒரு வழித்துணை

என் வாயாடி மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் உயிரோடு, உலர்ந்த துணியோடு இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் பேசினால் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் அப்பா காதில் விழும். அதனால்தான் கடிதம்.

லாரி பட்டறையை மூடியதுமே, கடலோரமாகவே நடந்து ஊர் ஊராகப் போகவேண்டும் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றது உனக்குத் தெரியும். "நீயும் கூடப் போம்மா, மூட்டு வலி விட்டுடும்" என்று நீயும் ஒத்து ஊதினாய். மூட்டு வலி விடவில்லை. மழைதான் பிடித்துக்கொண்டது.

இன்று காலை விடுதிக்காரம்மா, "பாறை முனைகிட்ட தண்ணி சட்டுனு ஏறிடும், மேட்டு வழியா போங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார். உன் அப்பா கேட்டால்தானே! மணலில் இறங்கிவிட்டார். முனையை நெருங்கியபோது மழையில் எதிரே ஒன்றும் தெரியவில்லை. முன்னால் போன அவருடைய மஞ்சள் மழைக்கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். திடீரென்று அது நின்றுவிட்டது. அலை முழங்காலில் அடிக்க, அவர் கடலைப் பார்த்தபடி அசையாமல் நின்றார்.

ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். திரும்பினார். "நீங்க யாருங்க? தனியாவா வந்தீங்க?" என்று கேட்டார்.

விளையாடுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுத்தேன். முகம் மாறிவிட்டது. கையை உதறிக்கொண்டு இன்னும் கடலுக்குள் போனார். உன்னைப் பெற்றபோதுகூட நான் அப்படிப் பயந்ததில்லை. வந்த மணலையும் தண்ணீர் மூடிவிட்டது. கத்தினால் கேட்க ஆளில்லை.

என்ன தோன்றியதோ, "ஐயா, எனக்கு வழி தெரியலை. பயமா இருக்கு. அந்த மேடு வரைக்கும் கொண்டுபோய் விடுறீங்களா?" என்று கேட்டேன். நடிக்க வேண்டியிருக்கவில்லை. குரல் தானாக நடுங்கியது.

"பயப்படாதீங்க, என் கையைப் பிடிச்சுக்குங்க" என்றார் உடனே. ஒவ்வொரு பாறையையும் காலால் தடவிப் பார்த்து, "இங்க வழுக்கும், இங்க வைங்க" என்று சொல்லிச் சொல்லி என்னை மேட்டில் ஏற்றிவிட்டார். மேலே வந்ததும், "உங்க வீட்டுல தேடுவாங்களே" என்று வருத்தப்பட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். காலையில் கிளம்பிய விடுதிக்கே அவரை மெல்லக் கூட்டி வந்தேன்.

டீ குடித்த பிறகு, "என்னடி, இப்படித் தொப்பலா நனைஞ்சிருக்கே?" என்றார். அப்போதுதான் அழுதேன். சளி பிடித்திருக்கிறது என்று சமாளித்தேன். அவருக்கு ஒன்றுமே நினைவில்லை. நாளைக்கும் நடப்போம் என்கிறார். ஷூவை விடுதிக்காரம்மாவிடம் ஒளித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். காலையில் பஸ் ஏற்றி, நேராக டாக்டரிடம் கூட்டிப்போகப் போகிறேன். இதை எழுதும்போதே இரண்டு முறை எழுந்து கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

லீவு கிடைக்கும்போது பார்க்கலாம் என்று இருக்காதே கண்ணு, கேட்டு வாங்கிக்கொண்டு வா. வந்ததும் அப்பாவே கூப்பிடட்டும் என்று வாசலில் காத்து நிற்காதே. நீயே முதலில், "அப்பா, நான்தான்" என்று சொல்லிவிடு.

உன் வரவை எதிர்பார்த்து,
அம்மா