நீலம்: கேட்டுச் சொல்ல வேண்டும்

மார்ச் 3

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். நம் கொடியில் நீலம் எதற்காக இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

வேறு யாராவது என்றால் பரவாயில்லை. நான் செய்தித் துறையின் வெளியீட்டுப் பிரிவில் பத்தொன்பது வருடமாக உதவி ஆசிரியன். நாட்டுக்கே விளக்கம் சொல்கிற நாற்காலி. அதன் ஒரு கால் ஆடுவதால் அட்டை மடித்து வைத்திருக்கிறேன். பள்ளிகளுக்கு அனுப்ப ‘நமது வண்ணங்கள்’ என்று ஒரு துண்டறிக்கை, நாளைக்குள் வேண்டுமாம். மஞ்சள் — உழைப்பு. வெள்ளை — நேர்மை. இது வரைக்கும் மளமளவென்று வந்துவிட்டது. நீலத்தில் வண்டி நின்றது. நூலகரைக் கேட்டேன், கடல் என்றார். கணக்கரைக் கேட்டேன், வானம் என்றார். கதவருகே உட்கார்ந்திருக்கும் உதவியாளர் (பெயர் வானொலி, நாங்கள் வைத்தது) “அன்னைக்கு கடையில நீலத் துணிதான் மிச்சம் இருந்திருக்கும் சார்” என்றார். மூன்றில் அதுதான் நம்பும்படியாக இருந்தது.

இயக்குநரைக் கேட்டுக்கொள்ளலாம் என்று, மறக்காமல் இருக்க, நீலத்துக்கு எதிரே “கேட்டுச் சொல்ல வேண்டும்” என்று எழுதி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மார்ச் 4

எதையோ மறந்துவிட்ட மாதிரியே இருக்கிறது. குடை கையில்தான் இருக்கிறது. கண்ணாடி மூக்கில்தான் இருக்கிறது. என்ன அது?

மார்ச் 20

தெரிந்துவிட்டது என்ன என்று.

பள்ளி விழா. துறை சார்பில் யாராவது போக வேண்டும். முன்வரிசையில் உட்கார உடம்பு நன்றாக இருக்கிற ஆள் என்று என்னை அனுப்பினார்கள். நானூறு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தலைமை ஆசிரியை “மஞ்சள்?” என்றார். “உழைப்பு!” “வெள்ளை?” “நேர்மை!” “நீலம்?”

“கேட்டுச் சொல்ல வேண்டும்!”

நானூறு தொண்டை. ஒரு பிள்ளை கூடச் சிரிக்கவில்லை. முதலில் எனக்குத்தான் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி, அது நான் எழுதி வைத்த குறிப்பு என்று ஞாபகம் வந்தது. தலைமை ஆசிரியை என் பக்கம் குனிந்து, “ரொம்ப ஆழமா எழுதியிருக்கீங்க சார்” என்றார்.

அறுபதாயிரம் பிரதி. நாடு முழுக்கப் போயாகிவிட்டது.

மார்ச் 21

இதை அப்படியே எழுத வேண்டும். எழுதுகிறேன்.

இயக்குநர் என்னையும் தட்டச்சரையும் கூப்பிட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கமா. எந்தக் கோப்பு போனாலும் ஒரு காற்புள்ளி மட்டும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவார். இந்தத் துண்டறிக்கைக்கு அதுகூடப் போடவில்லை. “நேரமில்ல, டைப் ஆனதும் நேரா அச்சுக்கு அனுப்பிடுங்க” என்றவர் அவரே. கையெழுத்துப் படியைக் கிழித்துப் போடு, மேசை சுத்தமாக இருக்கட்டும் என்று உத்தரவு போட்டவரும் அவரே. ஆகையால் நான் எழுதியது என்பதற்குத் துண்டுக் காகிதம் மிச்சமில்லை. தட்டச்சர் அடித்த பக்கம் மட்டும் மேசைமேல் கிடந்தது.

தட்டச்சர் ஒப்பந்தத்தில் இருக்கிறவர். ஆறு வருடம். அவர் ஒருவர் சம்பளத்தில்தான் வீட்டில் படுக்கையில் இருக்கும் அம்மாவும் படிக்கிற தங்கையும் சாப்பிடுகிறார்கள்.

“யாரும்மா இத அடிச்சது?”

“நான்தான் சார். சார் எழுதிக் குடுத்தத அப்படியே அடிச்சேன்.”

“புத்தி இருக்கிறவ யாராச்சும் இத அடிப்பாளா?”

“எழுதிக் குடுத்தத மாத்தக் கூடாதுன்னு போன வருஷம் நீங்கதான சார் மெமோ குடுத்தீங்க?” என்றவர் என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க சொல்லுங்க.”

கமாவும் திரும்பினார். மின்விசிறிகூட என் பக்கம் திரும்பின மாதிரி இருந்தது.

“எனக்கு... ஞாபகம் இல்ல சார்” என்றேன்.

அவ்வளவுதான். நாலு வார்த்தை. வாழ்நாள் முழுக்க வாயாடி என்று பெயர் வாங்கியவன், பேச வேண்டிய ஒரே நாளில் நாலு வார்த்தைக்குள் முடித்துக்கொண்டேன்.

மார்ச் 24

தட்டச்சரை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டம்ளர், சீப்பு, நாற்காலியில் போட்டிருந்த மெத்தைத் துண்டு, எல்லாம் ஒரு துணிப்பைக்குள் அடங்கிவிட்டது. ஆறு வருடம் இவ்வளவு சின்னதா?

என் மேசையருகே நின்றார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருக்கலாம்.

“உங்க ‘ழ’வுக்கு வால் நீளம் சார். இனிமே அடிக்கிறவங்க கிட்ட சொல்லிடுங்க, ‘மு’ன்னு படிச்சிடுவாங்க.”

மார்ச் 27

மனைவியிடம் சொன்னேன். பாதிதான் சொன்னேன், மீதியை அவள் முகத்தைப் பார்த்தே எடுத்துக்கொண்டாள்.

“ஊர்ல நடக்கிறதெல்லாம் கை காலு வெச்சு பேசுவீங்களே, அங்க வாய்ல என்ன வெச்சிருந்தீங்க?”

“பயம்.”

“எதுக்கு? தூக்குலயா போட்ருவாங்க?”

“வேலை போயிடும்டி.”

“அவளுக்குப் போனது என்னவாம்?”

சாப்பாடு போட்டாள். தண்ணீர் வைக்கவில்லை. நானே எழுந்து எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 28

தூங்கவும் முடியவில்லை, நகைச்சுவையும் வரவில்லை. வாரப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய பத்தி அப்படியே கிடக்கிறது. தலைப்பு மட்டும் எழுதியிருக்கிறேன்: ‘சிரிப்பு உடம்புக்கு நல்லது’.

ஏப்ரல் 2

யார் நினைத்திருப்பார்கள்!

மந்திரி மேடையில் பேசியிருக்கிறார். கேலி செய்யச் சொல்லி எடுத்துக் கொடுத்த வரியை, பேச்சு எழுதுகிறவர் பாராட்டாக எழுதிக் கொடுத்துவிட்டார் போல. “நீலம் என்றால் என்ன? கேட்டுச் சொல்ல வேண்டும்! மக்களைக் கேட்க வேண்டும், பிறகுதான் சொல்ல வேண்டும்! நம் முன்னோர் எவ்வளவு பெரிய தத்துவத்தை ஒரு நிறத்துக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!” கைதட்டல் அடங்க ரொம்ப நேரம் ஆனதாம்.

என்னை முன்னோர் ஆக்கிவிட்டார்கள். இன்னும் முடிகூட முழுதாய் நரைக்கவில்லை.

ஆனால் ஒரு நிம்மதி. தவறே இல்லை என்றால் தவறு செய்தவரும் இல்லையே? தட்டச்சரைக் கூப்பிட்டுவிடுவார்கள். நிச்சயம்.

ஏப்ரல் 9

கூப்பிடவில்லை.

அலுவலக வாசலில் நீலப் பெட்டி வைத்தாகிவிட்டது, மக்கள் தங்கள் கேள்வியை எழுதிப் போட. பூட்டின் சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

வானொலி செய்தி வாசித்தார்: “சார், கமா ஐயா மாட்டிக்கிட்டாரு. அந்தம்மாவ தப்பா அடிச்சதுக்குன்னு அனுப்பிட்டாங்க. இப்ப அது தப்பு இல்ல. திரும்பக் கூப்பிட்டா, அனுப்புனது தப்புன்னு ஆயிடும். அதனால கோப்புல ‘நிர்வாகக் காரணம்’னு மாத்தி எழுதிட்டாரு.”

“காற்புள்ளி போட்டாரா?”

“ரெண்டு போட்டாரு சார்.”

சிரித்தேன். சிரித்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரோ தட்டினார்கள்.

ஏப்ரல் 17

செய்துவிட்டேன்.

நேற்றே கடிதம் எழுதி வைத்திருந்தேன். ஒரு பக்கம். அந்த வரி என்னுடையது, அவர் அடித்தது மட்டுமே, ஞாபகம் இல்லை என்று நான் சொன்னது பொய், அவரை வேலைக்கு எடுங்கள், வேண்டுமானால் என்னை அனுப்புங்கள். காலை பதினோரு மணிக்குக் கதவைத் தட்டி உள்ளே போனேன். கமா படித்தார். மறுபடி படித்தார். பேனா எடுத்து ஒரு காற்புள்ளி போட்டார்.

“இத நான் வாங்க முடியாதுய்யா.”

“ஏன் சார்?”

“தப்புன்னு நீ ஒத்துக்கிட்டா மந்திரி பேசினது என்ன? போ. மந்திரி உனக்குப் பாராட்டுப் பத்திரம் குடுக்கச் சொல்லியிருக்காரு.”

“சார், அந்தப் பொண்ணு வீட்ல அடுப்பு எரியணும் சார்!” என்று மேசையில் தட்டினேன். ஆமாம், தட்டினேன். அவர் எழுந்து நின்றார். நான் உட்காரவில்லை. என்னால் ஆனதைச் செய்தாயிற்று, இனி மேலே இருப்பவர்கள் பாடு என்று வெளியே வந்தேன். முதுகு நேராக இருந்தது.

மனைவியிடம் சொன்னேன். தண்ணீர் வைத்தாள்.

ஏப்ரல் 18

தூங்கினேன் என்று எழுதலாம். தூங்கவில்லை.

ஏப்ரல் 30

பாராட்டுப் பத்திரம் வாங்கினேன். மேடை, பூங்கொத்து, மந்திரியின் ஈரக் கை. “நிறங்களுக்கு உயிர் கொடுத்தவர்” என்று அறிவித்தார்கள். நன்றி சொல்லச் சொன்னார்கள். ஏதாவது சிரிப்பாகச் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மே 6

பணிப் பதிவேட்டில் சேர்க்க, பத்திரத்துக்கு நகல் வேண்டியிருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் நகலகத்துக்குப் போனேன். கூட்டம். காகிதத்தை நீட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், வாங்கிக்கொண்ட கை தட்டச்சருடையது.

“வாங்க சார். எத்தன காப்பி?”

“ரெண்டு... ரெண்டும்மா. இங்கயா வேலை?”

“காலையில இங்க. சாயந்திரம் ஒரு மருந்துக் கடை. தங்கச்சி படிப்ப நிறுத்திட்டு அம்மாவப் பாத்துக்கறா.”

பத்திரத்தைக் கண்ணாடிமேல் வைத்தார். படித்திருப்பார். படிக்காமல் இருக்க அவரால் முடியாது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“நீல எழுத்து கறுப்பாத்தான் விழும் சார். பரவாயில்லையா?”

“பரவாயில்ல.”

வெளிச்சம் ஒருமுறை போய் வந்தது. இன்னொரு முறை போய் வந்தது. தாள்களைத் தட்டி நேராக்கிக்கொண்டே, தலை நிமிராமல், “எனக்காக யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா சார் அங்க?” என்றார்.

“நான் கேட்டேன்மா” என்றேன். “லெட்டர் எழுதிக் குடுத்தேன். வாங்கல. மேசையத் தட்டிக்கூடப் பேசினேன்.”

அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கியது. “அது போதும் சார்” என்றார். “ஒருத்தராச்சும் கேட்டீங்களே.”

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் பின்னாலிருந்து புரட்டினேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்; கமாவின் பேச்சுகூட அவர் பேசுவது மாதிரியே இருக்கிறது. ஒரே ஒரு பிழை.

ஏப்ரல் 17ஆம் தேதிப் பதிவில் ‘கதவைத் தட்டி உள்ளே போனேன்’ என்றிருப்பதை ‘கதவு வரை போய்த் திரும்பினேன்’ என்று திருத்தி வாசிக்கவும்.