ஜன்னல் காகிதத்தில் ஒரு மடிப்பு

அப்பா, என் பிரியமான அப்பா,

உங்கள் அறைக்கு நான் குடிவந்துவிட்டேன். பிளஸ் டூ படிக்கும் உங்கள் பேத்தி யாழினிக்குத் தனி அறை வேண்டுமாம். என் அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். நீங்கள் போனதிலிருந்து பூட்டிக் கிடந்தது இது ஒன்றுதான்.

மூன்று நாளாகச் சாமான்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் கழுவி, மறுபடி தூசிக்குள் உட்காருகிறேன். என் சேலைகள் நாற்காலியில் குவிந்து கிடக்கின்றன. அவற்றை வைக்க வேண்டுமானால் உங்கள் சட்டைகளை எடுக்க வேண்டும். எடுக்கிறேன், மடிக்கிறேன், எடுத்த இடத்திலேயே வைக்கிறேன். கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ஸில் கழுத்தில் சுற்றிக்கொள்வீர்களே, அந்த மஃப்ளரை யாருக்குக் கொடுப்பது?

இன்று ஜன்னலுக்கு வந்தேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குவதற்காக நீங்கள் ஒட்டிய கறுப்பு சார்ட் பேப்பர் அப்படியே இருக்கிறது. அந்த வாரங்களில் நம் வீட்டில் குக்கர் வைக்க மாட்டோம். விசில் சத்தம் உங்களை எழுப்பிவிடும் என்று அம்மா பானையில்தான் சோறு வடிப்பாள். கீரைக்காரம்மாகூடக் கூவாமல் கையை ஆட்டிவிட்டுப் போவார். இப்போதும் நான் பாடம் நடத்தினால் கடைசி பெஞ்சுக்குக் கேட்பதில்லை என்கிறார்கள். அதற்கு உங்களைத்தான் மனதுக்குள் குறை சொல்லிவந்திருக்கிறேன்.

காகிதத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். ஹாலிலிருந்து அம்மா ரகசியக் குரலில், "மெதுவா கிழிடி, எய்ந்துக்கப் போறாரு" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"எழுந்து வந்தா நல்லதுதானே ஆயா?" என்றாள் யாழினி.

"வரட்டும். சட்டையெல்லாம் எங்கன்னு கேட்டா உங்கம்மாவத்தான் காட்டுவேன்."

சிரித்துக்கொண்டே கீழ்ப்பக்கம் கை வைத்தபோதுதான் பார்த்தேன். தலையணை உயரத்தில், பிளேடால் மூன்று பக்கம் வெட்டிய ஒரு மடிப்பு. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். விரல் பட்டுப் பட்டு ஓரம் வெளுத்திருந்தது. உங்களைப் போல ஒருக்களித்துப் படுத்து அதைத் திறந்து பார்த்தேன். துவைக்கிற கல்லும் கொய்யா மரமும் தெரிந்தன. வேறெதுவும் தெரியவில்லை.

அங்கேதான் சின்ன வயதில் நான் கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு ஆடுவேன். யாரும் பார்த்ததில்லை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

கடைசி வாரத்தில் ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது சொன்னீர்கள்: "கொய்யா மரத்தாண்ட நல்லா ஆடுவ நீ." எனக்கு அன்று அப்படி ஓர் அலுப்பு. நினைவு தப்பிப் பேசுகிறீர்கள் என்றும் நினைத்தேன். "நீங்க எங்கப்பா பாத்தீங்க? எப்பவும் தூங்கிக்கினுதானே இருந்தீங்க" என்றேன். நீங்கள் அடுத்த வாய்க் கஞ்சிக்காக வாயைத் திறந்தீர்கள். அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை அப்பா? பார்க்கிறீர்கள் என்று தெரிந்தால் நான் ஆட மாட்டேன் என்றா? தூங்கவில்லை என்று தெரிந்தால் அம்மா அடுப்படியில் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும் என்றா? சரியாகத் தூங்காமலே எத்தனை ராத்திரி பஸ் ஏறினீர்கள்?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பாதிக் காகிதம் ஜன்னலிலேயே இருக்கிறது. கை வலிக்கிறது. மீதியை ஞாயிற்றுக்கிழமை கிழிக்கிறேன். அந்த மடிப்பு இருக்கும் துண்டை மட்டும் விட்டுவிடுவேன். மஃப்ளர் எனக்கு. கட்டிலை நகர்த்த மாட்டேன்.

ஆட இனி முழங்கால் விடாது. ஆனால் நாளை வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி பேசுகிறேன். இது சத்தியம்.

கொலுசைக் கழற்றிவிட்டு ஆடிய
உங்கள் மகள்,
வசந்தி