நடு மாடிச் சூடு

வால்யெவோ,
டிசம்பர் கடைசி

அன்பு மகள் வெஸ்னாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அதைவிட முக்கியமாக எல்லோரும் கதகதப்பாக இருக்கிறோம். நீ அந்த மெல்போர்ன் வெயிலில் கருகாமல் இருக்கிறாயா? போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே நின்று நான் சொல்வதையெல்லாம் திருத்துகிறார், அதனால் இந்த விஷயத்தை எழுதித்தான் சொல்ல முடியும். அவர் விறகு அடுக்கப் போயிருக்கிறார், வருவதற்குள் முடிக்க வேண்டும்.

குளிர்காலம் தொடங்கியதிலிருந்து வீட்டில் ஒரே ரகளை. கீழ்த்தளத்தில் நாங்கள் வெந்துபோனோம், மேல் மாடியில் உன் தம்பி கோரனின் கைக்குழந்தை விறைத்துப்போனது. நிலவறையில் இருக்கும் அதே பாய்லர், அதே வெந்நீர்தான் எல்லாத் தளத்து ரேடியேட்டர்களுக்கும் ஓடுகிறது, ஆனால் மேலே போய்ச் சேர்வதற்குள் பச்சைத் தண்ணீராகிவிடுகிறது. உன் அப்பாவுக்குத் தெரிந்த வைத்தியம் விறகை இன்னும் திணிப்பதுதான். திணிக்கத் திணிக்க எங்கள் ரேடியேட்டர்தான் கொதித்தது. மனிதர் பனியனோடு உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு செய்தி பார்ப்பார், ஜன்னலைத் திறக்கட்டுமா என்றால், "எதுக்கு, காத்து குறுக்கால பாஞ்சு எனக்குக் கழுத்து பிடிச்சுக்கவா?" என்று பாய்வார். வெந்து செத்தாலும் சாவோமே தவிர எதிரெதிர் ஜன்னலைத் திறக்க மாட்டோம், நம் ஊர் புத்தி உனக்குத் தெரியாததா. கோரன் தன் பங்குக்குப் பெரிய பம்பு ஒன்று வாங்கி மாட்டினான். குழாய்களெல்லாம் விசில் அடித்தன, குழந்தை தூக்கத்தில் திடுக்கிட்டு அழுதது, சூடு மட்டும் ஏறவே இல்லை.

கோரன் மனைவி யெலிட்சா வாய் திறந்து குறை சொல்கிற பெண் இல்லை. ஆனால் ஒருநாள் குழந்தையைக் குளிப்பாட்டும்போது, வெந்நீர் சூடாகத்தான் இருந்தது, தண்ணீரிலிருந்து எடுத்ததும் அதன் உதடு நீலம் பாரித்துவிட்டது. துண்டில் சுற்றியபடி கீழே வந்து, "அத்தை, நான் கோவிச்சுக்கிட்டுப் போகல. பண்டிகை முடிஞ்சதும் புள்ளைய எங்கம்மா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன். பனி விட்டதும் வந்துடறோம்" என்றாள். கோரனும் பின்னாலேயே போய்விடுவான். போனவர்கள் திரும்பி வருவது எவ்வளவு நிச்சயம் என்று எனக்குத் தெரியாதா? நினைத்துப் பார் வெஸ்னா. மூன்று தள வீட்டில் நானும் அந்தப் பனியன்காரரும் மட்டும்!

யெலிட்சாவே எங்கோ போனில் பார்த்துக் காரணத்தைத் தெரிந்துகொண்டாள். தண்ணீர் சோம்பேறி, சுலபமான வழியிலேயே ஓடும், பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் ரேடியேட்டர்கள் வயிறு முட்டக் குடித்துவிட்டால் தூரத்தில் இருப்பவற்றுக்கு மிஞ்சாதாம். ஒவ்வொன்றின் அடியிலும் மூடிக்குள் ஒரு திருகு இருக்கிறது, கிட்டே இருப்பதை நன்றாகக் குறைத்து, தள்ளிப் போகப் போகத் தாராளமாக விட வேண்டும். மாமியாரும் மருமகளும் தரையில் தவழ்ந்து எங்கள் தளத்தில் திருகினோம், காத்திருந்தோம், தண்ணீர் வரும் குழாயையும் திரும்பும் குழாயையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். மேலே கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் சாயங்காலமே, "யாரு என் ரேடியேட்டரத் தொட்டது? வீட்டைக் கட்டினவன் முட்டிக்கே சூடு கிடையாதா?" என்று உன் அப்பா மறுபடி திறந்துவிட்டார். நாங்கள் மூட, அவர் திறக்க, இப்படியே போனது.

உண்மையான தின்னிப்பண்டாரம் எங்கள் தளம் இல்லை, கண்ணு. உனக்கென்று கட்டிய நடு மாடி. நீ போன நாளிலிருந்து அங்கே எல்லா ரேடியேட்டரும் முழுக்கத் திறந்தே கிடக்கின்றன. யாராவது கை வைத்தால், "பொண்ணு திடுதிப்புன்னு வந்து நின்னா ஈரச் சுவத்துக்கு நடுவுல படுக்க வைக்கவா?" என்பார். வீடு கட்டும்போது, பெண்ணுக்கு எதற்கு ஒரு தளம் என்று அக்கம்பக்கத்தார் சிரித்தபோது, அவள் மட்டும் வேறு வீட்டு அடுப்பிலா வெந்தாள், அவளும் என் பிள்ளைதானே என்று கேட்டவர் அல்லவா. அதைத் தொடச் சொல்ல எனக்கே நாக்கு எழவில்லை.

நம் குடும்பத்தைக் காக்கும் புனித நிக்கோலா நாளன்று வழக்கம்போல வீடு நிறைய விருந்தாளிகள், மெழுகுவர்த்தி ஏற்றினோம், பாதிரியார் வந்து வியர்த்து வழிந்துவிட்டுப் போனார். எல்லோரும் போன பிறகு உன் அப்பா ஒரு தட்டில் முட்டைகோஸ் இலையில் சுருட்டிய சார்மா எடுத்துக்கொண்டு மேல் மாடிக்குப் போனார். யெலிட்சா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாளாம். குழந்தை இரண்டு குல்லாய் போட்டுக் கிடந்தது. இவர் அதன் பாதத்தைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாராம். இறங்கி வந்து என்னிடம், "அந்தத் திருகுற சாவி எங்க?" என்றார். தனியாக உன் தளத்துக்குப் போனார். ஒவ்வொரு அறையாக அவர் முட்டி தரையில் இடிக்கும் சத்தம் எனக்குப் படிக்கட்டு வரை கேட்டது. வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது, தூசி என்றார். "அவளுக்கு எழுதித் தொலைக்காத. நாம காத்திருக்கறத விட்டுட்டோம்னு நெனச்சுப்பா" என்றார்.

அன்றைக்கு மேல் மாடி ரேடியேட்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சூடாகிற சத்தத்தைக் கேட்டு யெலிட்சா அழுதேவிட்டாள். இப்போது உன் தம்பி மகன் குல்லாயை உதறி வெறுங்காலை ஆட்டுகிறான். பெட்டி பரணுக்குப் போய்விட்டது. கீழே உன் அப்பா ஸ்வெட்டர் போட ஆரம்பித்திருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறது அவருக்கு.

மறைத்து வைத்தால் நெஞ்சில் நிற்கும் என்றுதான் எழுதுகிறேன். உன் அறையில் இப்போது குளிர். வருத்தப்படாதே, நீ விமானத்தில் ஏறும்போது ஒரு வார்த்தை சொல், வந்து சேர்வதற்குள் சூடாக்கிவிடுகிறேன். வெறும் வயிற்றில் வேலைக்கு ஓடாதே, வெயிலில் தொப்பி போடு, நான் அனுப்பிய மிளகாய்த் துவையல் ஜாடி உடையாமல் வந்ததா என்று மறக்காமல் எழுது. கடவுளும் நிக்கோலாவும் உன்னை எந்தக் காற்றும் படாமல் காக்கட்டும்.

உன் அம்மா,
ரூஷா

வெஸ்னா, உன் அம்மா இதைத் தபாலில் போடக் கொடுத்தாள், உறையைப் பிரித்துப் படித்துவிட்டேன். தூசிதான் பட்டது. உன் தளத்தை நான் மூடவில்லை. எல்லா ரேடியேட்டரையும் கொஞ்சம் திறந்துதான் வைத்திருக்கிறேன்.
அப்பா