காதுக்கு மூன்று சொட்டு

அன்புள்ள மருந்துக்காரிக்கு,

இங்கே நானும் மகளும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்றுதான் ஞாயிறு தவறாமல் போனில் சொல்கிறாய். போன வாரம் உன் குரல் அதை ஒத்துக்கொள்ளவில்லை. போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

"இத்தனை வருஷம் மருந்துக்கடையைப் பாத்துக்கிட்டவளை மறுபடியும் பயிற்சின்னு நிக்கவச்சு லேபிள் ஒட்டச் சொல்றாங்க. போட்டது போட்டபடி வந்துடறேன்" என்றாய். அந்த நாட்டு உரிமம் வேண்டுமானால் அங்கேதான் பயிற்சி முடிக்க வேண்டும் என்று தெரிந்துதான் போனாய். ஆனாலும் உன்னைவிட வயதில் சின்னவள் மேற்பார்வை பார்க்க, பின்கட்டில் நிற்பது கஷ்டம்தான். உன் உச்சரிப்பு நோயாளிகளுக்குப் புரியாது என்று அவள் உன்னைப் பேசவே விடுவதில்லை என்றதும் எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உன் பேச்சைக் கேட்கவென்றே ஒருவன் மருந்துக்கடைக்கு நடையாய் நடந்த கதை அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்த முதல் பயிற்சியை நினைத்துப் பார். தோள் தொங்கும் வெள்ளைக் கோட்டுக்குள் நீ. பின்னால், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பெரிய மருந்தாளர். மருந்து வாங்க வந்தவர் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தன் வாயால் திருப்பிச் சொன்னால்தான் நீ ஒழுங்காக விளக்கியதாக அவர் ஒப்புக்கொள்வார். அப்பாவுக்குக் காதுவலி என்று நான் வந்தேன். வலது காதில் மூன்று சொட்டு, கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்திருக்க வேண்டும் என்றாய். திருப்பிச் சொல்லச் சொன்னாய். "சாப்பாட்டுக்கு அப்புறம் மூணு சொட்டு, வாயில" என்றேன். நீ முதலிலிருந்து பொறுமையாகச் சொன்னாய். நான் திரும்பத் திரும்ப வர அது போதாதா? அப்பாவின் காது குணமான பிறகு எனக்குத் தும்மல், தலைவலி என்று இல்லாத நோயெல்லாம் வந்தது. ஒன்றையாவது சரியாகத் திருப்பிச் சொன்னேனா?

ஒருநாள் கடை வாசலில் வழிமறித்தாய். "நீங்க தப்புத் தப்பா சொன்னா எனக்கு விளக்கத் தெரியலன்னு நினைக்கிறார். பயிற்சி முடிஞ்சதுன்னு கையெழுத்தே போடமாட்டார். என் பிழைப்பு உங்களுக்கு விளையாட்டா?" என்று கேட்டாய். கண்ணில் தண்ணீர் நின்றது. மறுநாள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். பெரிய மருந்தாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு இப்பத்தான் காது திறந்திருக்கு" என்றார். நீ அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் முதுகு சிரிப்பில் குலுங்கியது. எவ்வளவு நல்ல நாட்கள் அவை.

போன வாரம் எனக்கு இருமல். பயப்படாதே, சரியாகிவிட்டது. உன் வாயாடி மகள் மருந்தை மூடியில் அளந்து கொடுத்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "எப்பெப்ப குடிக்கணும்? திருப்பிச் சொல்லுங்கப்பா" என்கிறாள். தாயைப் போலப் பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள்? உன் பழைய கோட்டைப் போர்த்திக்கொண்டுதான் தூங்குகிறாள். இதை எழுதக்கூடாது என்றிருந்தேன், கை எழுதிவிட்டது.

ஒன்று செய். அந்த மேற்பார்வைக்காரப் பெண்ணிடம் நீயே கேள். ஒரே ஒரு நோயாளியிடம் பேசுகிறேன், அவர் திருப்பிச் சொல்லட்டும், பிறகு முடிவு செய்யுங்கள் என்று சொல். அவர் சரியாகத்தான் சொல்வார். எல்லோரும் என்னைப் போல இருக்கமாட்டார்கள்.

உன் கைராசிக்கு எல்லாம் கூடிவரும். பயிற்சியை முடி, உரிமத்தை வாங்கு, பிறகு எங்களைக் கூப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போனில் இதை நீ எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லிவிடு. "நாளைக்கே கிளம்பி வர்றேன்" என்று தப்பாகச் சொன்னாயானால், உன்னைத் திருத்த என்னால் முடியாது.

இப்படிக்கு,
காது திறந்த
உன் வீட்டுக்காரன்